அலைகள் ஆற்றலை எப்படிக் கடத்துகின்றன? பினாங்குக் கரையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்காம், ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. பாடநூலில் எல்லா அலைக்கும் ஒரே வளைகோடுதான் வரையப்படுகிறது. அதனால் கடலலை, ஒலி, ஒளி எல்லாம் ஒரே மாதிரிதான் ஆற்றலைக் கொண்டுபோகின்றன என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் எது ஆடுகிறது, ஆற்றல் எந்தப் பக்கமெல்லாம் பரவுகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அலைக்கு அலை மாறும். அந்த வேறுபாடுகளைத்தான் இங்கே எண்களோடு சொல்கிறோம்.

அலை முன்னே போகிறது. தண்ணீரும் கூடவே போகிறதுதானே?

இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி வரும்போது ஜெட்டிப் பக்கம் மிதக்கும் ஒரு காலி மினரல் பாட்டிலைக் கவனியுங்கள். அலை வரும்போது பாட்டில் எழும்பிச் சற்று முன்னே போகும்; அலை கடந்ததும் தாழ்ந்து பின்னே வரும். ஏறக்குறைய ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு நீர்த்துளியும் அடுத்த துளியைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் பயணம் போகிறது.

முழு உண்மை சொல்வதென்றால், அந்த வட்டம் முழுதாக மூடுவதில்லை. ஒவ்வொரு அலைக்கும் பாட்டில் துளியளவு முன்னே நகர்ந்திருக்கும். ஆனால் பத்து ஃபிரிங்கி கரையில் திடீரென்று ஜெல்லி மீன்களும் குப்பையும் ஒதுங்குவதற்குப் பெரும் காரணம் அலை அல்ல. ஏற்ற இறக்க நீரோட்டமும் காற்றும்தான். தேர்வில் ‘அலை பொருளைக் கடத்துவதில்லை’ என்று எழுதுங்கள். கடலில் நீந்தும்போது நீரோட்டத்தை மறக்காதீர்கள்.

குறுக்கலை, நெட்டலை: எதில் ஆற்றல் அதிகம்?

அந்தப் பிரிவு ஆற்றலின் அளவைச் சொல்லாது. ஆடும் திசையை மட்டுமே சொல்லும். கயிற்றில் துகள்கள் அலை போகும் திசைக்குக் குறுக்கே ஆடுகின்றன; அது குறுக்கலை. காற்றில் ஒலி போகும்போது அதே திசையில் முன்னும் பின்னும் ஆடுகின்றன; அது நெட்டலை. கடல் மேற்பரப்பில் இரண்டும் சேர்ந்து வட்டமாகின்றன. ஒளியில் ஆடுவதற்குத் துகளே கிடையாது. மின்புலமும் காந்தப்புலமும் ஆடுகின்றன. சூரிய ஆற்றல் வெற்றிடத்தைத் தாண்டி எட்டு நிமிடம் சொச்சத்தில் நம்மிடம் வந்து சேர்வது அதனால்தான்.

அலையின் உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்குதானே?

நான்கு மடங்கு. மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். ஆற்றல் வீச்சின், அதாவது நடுநிலையிலிருந்து ஆடும் தூரத்தின், வர்க்கத்தைப் பொறுத்தது.

கடலலைக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பில் உள்ள ஆற்றல் = நீரின் அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயரத்தின் வர்க்கம் ÷ 8. இங்கே உயரம் என்பது அகட்டிலிருந்து (அலையின் பள்ளம்) முகடு (அலையின் உச்சி) வரை. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,025 கிலோகிராம் என்று போட்டால், 1 மீட்டர் உயர அலைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,260 ஜூல் வரும். 2 மீட்டர் அலைக்கு 5,030 ஜூல். அரை மீட்டர் அலைக்கு 315 ஜூல்தான்.

அந்த ஆற்றல் எவ்வளவு வேகத்தில் வந்து சேரும் என்பதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆழ்கடலில், 5 நொடிக்கு ஒருமுறை வரும் அலையின் முகடு நொடிக்கு 7.8 மீட்டர் ஓடுகிறது. ஆனால் ஆற்றல் அதில் பாதி வேகத்தில், 3.9 மீட்டரில்தான் போகிறது. ஓர் அலைக்கூட்டத்தை உற்றுப் பார்த்தால் இது தெரியும்: பின்னால் புதிதாகப் பிறக்கும் முகடு கூட்டத்தைக் கடந்து முன்னே போய் அங்கே மறைந்துவிடும். எனவே 1 மீட்டர் உயரம், 5 நொடி இடைவெளி கொண்ட அலை, ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 1,260 × 3.9, அதாவது ஏறக்குறைய 4.9 கிலோவாட் கொண்டுவருகிறது. முகட்டின் வேகத்தைப் போட்டுப் பெருக்கினால் விடை இருமடங்காகிவிடும்.

மேலே அலை அடிக்கும்போது அடியிலும் நீர் ஆடுமா?

அலைநீளத்தில் பாதி ஆழம் வரை. மேலே சொன்ன அலையின் நீளம் 39 மீட்டர். 20 மீட்டர் ஆழத்தில் ஆட்டம் மேற்பரப்பில் இருப்பதில் 4 விழுக்காடாகக் குறைந்துவிடும். கரையை நெருங்கி அடித்தளம் தட்டத் தொடங்கியதும் அலை மெதுவாகி, உயர்ந்து, நீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது உடைகிறது. ஆற்றல் நுரையாகவும் இரைச்சலாகவும் மணலை அரிக்கும் வேலையாகவும் சிறு வெப்பமாகவும் மாறி முடிகிறது.

2004 சுனாமி நடுக்கடலில் அரை மீட்டர் உயரம்தான் என்கிறார்கள். அது எப்படி இவ்வளவு அழிவைக் கொண்டுவந்தது?

உயரத்தை மட்டும் பார்த்தால் புரியாது. எவ்வளவு நீர் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று மலேசிய நேரம் காலை 8.58க்கு, சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலடித்தட்டு பிளந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வங்காள விரிகுடாவுக்கு மேலே சென்ற ஜேசன்-1 செயற்கைக்கோள் ஏறக்குறைய 60 செமீ உயரத்தைத்தான் அளந்தது. கப்பலில் இருப்பவர் உணரவே முடியாத அளவு. ஆனால் காற்றலையின் (மேலே பார்த்த, காற்று எழுப்பும் சாதாரணக் கடலலையின்) நீளம் 39 மீட்டர் என்றால் சுனாமியின் நீளம் 200 கிமீக்கும் மேல். பாதி அலைநீளக் கணக்கின்படி, 4 கிமீ ஆழம் அதற்கு ஒன்றுமே இல்லை. மேலிருந்து அடிவரை மொத்தக் கடலும் ஆடுகிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓர் அலையில் உள்ள ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1 மீட்டர் காற்றலைக்கு 1,260 × 39, அதாவது 49,000 ஜூல். 60 செமீ, 200 கிமீ அலைக்கு ஏறக்குறைய 9 கோடி ஜூல். உயரம் குறைவு, ஆற்றல் 1,800 மடங்கு.

அடுத்து வேகம். சுனாமியின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் நீரின் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 198 மீட்டர். மணிக்கு 710 கிமீ. மலாக்கா நீரிணையில் 50 மீட்டர் ஆழம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். மணிக்கு 80 கிமீ. நடுக்கத்தின் மையம் பினாங்கிலிருந்து ஏறக்குறைய 540 கிமீதான். அப்படியிருந்தும் அலை இங்கே வந்து சேர மதியம் ஒரு மணியை ஒட்டி ஆகிவிட்டதற்கு ஆழமற்ற இந்த நீரிணையும், அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வந்த பாதையும் காரணம். சுமத்ரா நமக்குத் தடுப்புச் சுவர் என்ற நம்பிக்கை அன்று பொய்த்தது. இவ்வளவு நீண்ட அலை, தீவின் முனையைச் சுற்றி வளைந்து நிழல் பகுதிக்குள்ளும் நுழைந்துவிடும். மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில்.

வேகம் குறைவது ஆறுதல் அல்ல. வந்துகொண்டிருக்கும் ஆற்றல் அதேதான். மெதுவாகும் அலை அதே ஆற்றலைக் குறுகிய இடத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் உயர்கிறது. உயரம், ஆழத்தின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும். 4,000 மீட்டரிலிருந்து 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 4.5 மடங்கு, 60 செமீ 2.7 மீட்டராகிவிடும். கரையின் வடிவம் அதை இன்னும் கூட்டலாம், குறைக்கலாம்.

செய்ய வேண்டியது: கரையில் வலுவான அல்லது நீண்ட நடுக்கத்தை உணர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, எச்சரிக்கை சைரன் ஒலித்தாலோ உடனே மேட்டுக்குப் போங்கள், அது முடியாவிட்டால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கோ அதற்கு மேலோ ஏறுங்கள். மீன் பொறுக்க இறங்காதீர்கள். முதல் அலை போனதும் திரும்பி வராதீர்கள். அடுத்தது பல நிமிடங்கள் கழித்து வரும், முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

பெரிய நிலநடுக்கம் என்றால் சுனாமி வந்தே தீருமா?

வராது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுங்கியது; பினாங்கிலும் மாடிகளில் இருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள். பெரிய சுனாமி எழவில்லை. அந்த நடுக்கத்தில் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. நீரை மேலே தூக்கவில்லை. 2004இல் கடலடி மேலெழுந்தது. ஆற்றல் எவ்வளவு என்பதோடு அது நீருக்குள் எப்படி நுழைகிறது என்பதும் முக்கியம். ஆனால் நடுங்கும் அந்த நேரத்தில் கரையில் நிற்பவரால் இதைப் பிரித்தறிய முடியாது. எச்சரிக்கை விலகும்வரை மேட்டிலேயே இருப்பதுதான் சரி.

சுமத்ராவில் நடுங்கினால் இருபதாம் மாடி ஆடுகிறது, தரைவீட்டில் ஒன்றும் தெரிவதில்லை. ஏன்?

நிலநடுக்கத்திலிருந்து பல வகை அலைகள் புறப்படுகின்றன. முதலில் வருவது நெட்டலை, நொடிக்கு ஏறக்குறைய 8 கிமீ. அடுத்தது குறுக்கலை, 4.5 கிமீ. கடைசியாக நிலப்பரப்பை ஒட்டியே பரவும் மேற்பரப்பலைகள். முதல் இரண்டும் பூமியின் உள்ளே எல்லாத் திசையிலும் பரவுவதால் அவற்றின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது. மேற்பரப்பலை தரையோடு மட்டும் பரவுகிறது. தூரம் இருமடங்கானால் செறிவு பாதிதான் குறையும். 540 கிமீ தள்ளி மிஞ்சுவது பெரும்பாலும் அதுதான். வேகமான அதிர்வுகளைப் பாறை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது சில நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஆடும் ஆட்டம்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான ஆட்ட நேரம் உண்டு. தோராயமாக, மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் நொடிக்கணக்கு வரும். இரண்டு மாடி வீட்டுக்கு 0.2 நொடி, 30 மாடிக்கு 3 நொடி. வரும் அலையின் இடைவெளியும் 3 நொடியாக இருந்தால் கோயில் ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு தள்ளலும் ஆட்டத்தைக் கூட்டும். இதுவே ஒத்ததிர்வு. கடலை நிரப்பிய நிலத்திலும் சேற்று மண்ணிலும் ஆட்டம் இன்னும் பெரிதாகும். சுனாமி ஆழமற்ற இடத்தில் உயர்வதற்கான அதே காரணம்தான், மெதுவான ஊடகத்தில் அலை உயர்கிறது.

அளவைப் பற்றி ஒரு சொல்: நிலநடுக்க அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு, இரண்டு கூடினால் 1,000 மடங்கு.

தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளம் நெஞ்சையே அதிரவைக்கிறது. ஒலியில் அவ்வளவு ஆற்றலா?

இல்லை, மிகக் கொஞ்சம். ஒரு குழுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அது சதுர மீட்டருக்கு 0.01 வாட். 3 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் பரப்பு 57 சதுர மீட்டர். மொத்தக் குழுவும் வெளிவிடும் ஒலியாற்றல் அரை வாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காதுதான் அபாரமான கருவி: சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் இலட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூட அது கேட்டுவிடும்.

டெசிபல் கணக்கைப் பலர் சாதாரணக் கூட்டலாகச் செய்துவிடுகிறார்கள். ஒரே சத்தமுள்ள இரண்டு மேளம் 100 + 100 = 200 ஆகாது; 103 தான். பத்து மேளம் என்றால் 110. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆனால் ஜார்ஜ் டவுனில் இருபுறமும் கடைவீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் அப்படிக் குறையாது. சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பித் தெருவுக்குள்ளேயே விடுகின்றன. அதனால்தான் ஊர்வலம் கண்ணில் படுவதற்கு முன்பே முழக்கம் காதுக்கு வந்துவிடுகிறது. அதிலும் முதலில் வருவது மேளத்தின் அடித்தொனி. தாழ்ந்த ஒலியின் அலைநீளம் பல மீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை மீட்டர். அது தெருமுனையைச் சுற்றி வளையும், காற்றில் குறைவாகவே தேயும். நாதஸ்வரத்தின் கூர்மையான மேல்தொனிகள் பக்கத்தில் போனால்தான் முழுதாகக் கிடைக்கும்.

நெஞ்சு அதிர்வது அந்தத் தாழ்ந்த ஒலியால்தான். காதுக்குப் பாதுகாப்பான நேரக்கணக்கு இது: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88இல் 4 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடம். காவடியோடு மணிக்கணக்கில் நடக்கும் மேளக்காரப் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம் வேண்டும். தோளில் தூக்கிய கைக்குழந்தையை ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தவே கூடாது.

இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துவிட்டால் அவற்றின் ஆற்றல் எங்கே போகிறது?

அழிவதில்லை, இடம் மாறுகிறது. இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே தொனியை எழுப்பினால் சில இடங்களில் ஒலி மங்கும். வேறு இடங்களில் வீச்சு இருமடங்காகி ஆற்றல் நான்கு மடங்காகும். எல்லா இடத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். கயிற்றில் ஒரு முகடும் ஓர் அகடும் எதிரெதிரே வந்து சந்திக்கும் கணத்தில் கயிறு நேராகத் தெரியும். அந்தக் கணத்தில் கயிற்றின் துகள்கள் வேகமாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆற்றல் முழுதும் அந்த இயக்கத்தில் இருக்கிறது. படம் இதைக் காட்டாது. குழப்பம் வருவது அதனால்தான்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணித் தூரம் சொல்ல முடியுமா?

முடியும். நம் ஊரில் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது. நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிமீக்குள் இருக்கிறது. திடலிலிருந்து உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம்.

சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. எலக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாக ஓடுகின்றனவா?

ஓடவில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு 0.3 மில்லிமீட்டர். அதுவும் நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறுவதால், ஒவ்வோர் எலக்ட்ரானும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆடிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. ஆற்றலைக் கொண்டுபோவது கம்பியைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலம். ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் அது போகிறது. பாட்டில் மிதந்த கதையேதான் இதுவும்.

மழை கனத்தால் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் படம் நின்றுவிடுகிறது. ரேடியோ மட்டும் பாடுகிறது. ஏன்?

அலைநீளம். கூரைத் தட்டுக்கு வரும் அலை ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸ், நீளம் 2.5 செமீ. சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளிகள் அதை விழுங்கவும் சிதறடிக்கவும் போதுமானவை. பண்பலை வானொலியின் அலைநீளம் 3 மீட்டர். துளிகளை அது பொருட்படுத்தாது. தவிர, செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிமீ உயரத்தில் இருப்பதால் வரும்போதே அலை மிக மெலிந்திருக்கிறது. சாதாரண மழையிலும் படம் போகிறதென்றால் மழையைக் குறைசொல்ல வேண்டாம். தட்டு சற்றே திரும்பியிருக்கலாம், கேபிள் முனையில் நீர் இறங்கியிருக்கலாம். பினாங்கிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் தட்டும் வானத்தைப் பார்த்தே நிற்கிறது. இலையும் நீரும் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபை, 5ஜி அலைகள் உடம்பைக் கெடுக்குமா?

இரண்டு எண்களைப் பாருங்கள். வைஃபை ரவுட்டர் 0.1 வாட் வெளிவிடுகிறது என்றால் ஒரு மீட்டர் தள்ளிச் சதுர மீட்டருக்கு 0.008 வாட். நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட்; ஒரு இலட்சம் மடங்குக்கும் மேல். இரண்டாவது, மின்காந்த ஆற்றல் பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்தின் அளவு அதிர்வெண்ணைப் பொறுத்தது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க ஏறக்குறைய 10 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் பொட்டலம் அதில் ஏழு இலட்சத்தில் ஒரு பங்கு. எத்தனை பொட்டலம் வந்தாலும் அவை செய்யக்கூடியது சூடாக்குவது மட்டுமே. அதற்கும் ரவுட்டரில் போதிய திறன் இல்லை. அஞ்ச வேண்டியது வெயிலின் புறஊதாக் கதிருக்குத்தான். நண்பகலில் கடற்கரையில் விளையாடும் பிள்ளைக்குத் தொப்பி போடுங்கள்.

வீட்டிலேயே அலைநீளத்தை அளக்க முடியுமா?

மைக்ரோவேவ் அடுப்பும் பச்சை அப்பளமும் போதும். அடுப்புக்குள் அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி நிலை அலைகளாகின்றன. சில இடங்களில் ஆட்டம் உச்சம், சில இடங்களில் ஒன்றுமில்லை. கண்ணாடித் தட்டு சுழல்வது இந்தச் சமமின்மையைச் சரிக்கட்டத்தான்.

கண்ணாடித் தட்டையும் அடியில் உள்ள உருளை வளையத்தையும் எடுத்துவிடுங்கள். நடுவில் சுழலும் குமிழைத் தொடாதபடி ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பெரிய பீங்கான் தட்டை வையுங்கள். தட்டில் அப்பளங்களை இடைவெளியின்றிப் பரப்புங்கள். 10 நொடி ஓட்டிப் பாருங்கள்; பொரிந்த புள்ளிகள் தெரியாவிட்டால் ஐந்தைந்து நொடியாகக் கூட்டுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பொரிந்த புள்ளிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 6 செமீயை ஒட்டி வரும். அது பாதி அலைநீளம். இருமடங்காக்கி, அடுப்பின் பின்புறம் எழுதியிருக்கும் அதிர்வெண்ணால், வழக்கமாக 2,450 மெகாஹெர்ட்ஸ், பெருக்குங்கள். 0.122 மீட்டர் × 245 கோடி = நொடிக்கு ஏறக்குறைய 30 கோடி மீட்டர். ஒளியின் வேகம் கிடைத்துவிட்டது.

தவறு நேரும் இடங்கள்: தட்டு சுழன்றுவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி பொரிந்துவிடும். நேரம் கூடினால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பிறகு கருகிப் புகையும், பக்கத்திலேயே நில்லுங்கள். அடுப்புப் பெட்டிக்குள் அலைகள் மூன்று திசையிலும் மோதுவதால் சில இடைவெளிகள் 5 ஆகவும் சில 8 ஆகவும் வரும்; ஒரே ஒரு இடைவெளியை நம்பாமல் ஏழெட்டை அளந்து சராசரி எடுங்கள். நமத்துப்போன அப்பளமும் நன்றாகக் காய்ந்த அப்பளமும் ஒரே நேரத்தில் பொரியாது. ஒரே பொட்டலத்திலிருந்து எடுங்கள். அடுப்பைக் காலியாக ஓட்டாதீர்கள்: விழுங்க உணவு இல்லாதபோது ஆற்றல் திரும்பிப்போய் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாயையே சூடாக்கும்.